சைஸ்மிக் சர்வே: ‘நிலநடுக்க ஆய்வு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

தரையில் அலை எழுப்பி, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று அறியும் சைஸ்மிக் சர்வேயைத் தமிழில் ‘நிலநடுக்க ஆய்வு’ என்றே எழுதிவிடலாம் என்று சென்ற மாதம் பேசி முடித்தோம். நானும் தலையாட்டினேன். இப்போது பின்வாங்குகிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் பாசன சங்கம் கேட்ட விலைப்புள்ளிதான் காரணம்.

ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டுமுன் பாறை எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கித் தட்டுவார்கள். வரிசையாக ஊன்றிய ஜியோபோன்களுக்கு (தரையின் அதிர்வை உணரும் சிறு கருவிகள்) அலை எத்தனை மில்லிவினாடியில் வந்து சேர்கிறது என்று கருவி பதியும். உலர்ந்த தளர்மண்ணில் வினாடிக்குச் சில நூறு மீட்டரே ஓடும் அலை, நம் பக்கத்துக் கெட்டிப் பாறையில் 5,000 மீட்டரைத் தொடும். அந்த வேறுபாட்டை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். இதில் நிலம் எங்கே நடுங்குகிறது?

ஆனால் அழைப்பில் அந்தப் பெயர் இருந்ததால், வந்த மூன்று உறைகளில் இரண்டு, கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதிப்பவர்களுடையவை. டீக்கடையிலோ “நடுக்கம் வரப்போகிறதாமே” என்று பேச்சு.

திருச்சி நண்பர் சொன்ன ‘அதிர்வு அளவீடு’ எனக்கும் பிடித்தது. ஆனால் குவாரி வெடி பக்கத்து வீட்டுச் சுவரை எவ்வளவு அதிரவைக்கிறது என்று அளப்பார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ‘நில அலை’யோ, சேர்த்து எழுதினால் ‘நிலவலை’ ஆகிவிடுகிறது. நிலாவுக்கு வலை வீசுகிறோமோ என்று தோன்றும்.

என் முன்மொழிவு: அதிர்வலை அளவை. ‘அளவை’ புதுச்சொல் அன்று. பட்டாவுக்கு அலைந்த எவருக்கும் நில அளவைத் துறை தெரியும். அளவையியல் என்றால் தருக்கமாயிற்றே என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ‘அதிர்வலை’யைச் செய்தித்தாள்கள் முழுக்க அரசியலுக்கே செலவழித்துவிட்டன, கொஞ்சம் மண்ணுக்கும் மிஞ்சட்டும்.

இந்த அளவையில் இரண்டு வகை: பாறையில் வளைந்து ஓடி வரும் அலையைப் பதிவது ஒன்று (ரிஃப்ராக்ஷன்), பாறையில் பட்டுத் திரும்பும் அலையைப் பதிவது மற்றொன்று (ரிஃப்ளெக்ஷன்). இவற்றுக்குப் பாடநூலில் உள்ள ஒளிவிலகல், எதிரொளிப்பு இரண்டிலும் ஒளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை உதிர்த்துவிட்டு விலகல் அளவை, மீளலை அளவை எனலாம். தடுப்பணைக்கு முதலாவது போதும். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு தேடியவர்கள் பயன்படுத்தியது இரண்டாவது.

ஒப்பந்த வரைவு எழுதும்போதுதான் நிஜமான சிக்கல்கள் வந்தன. சம்மட்டி அடியை ‘அடி’ என்றே எழுதி, “ஒவ்வொரு 50 அடிக்கும் ஓர் அடி” என்று வந்ததைப் படித்து நானே சிரித்துவிட்டேன். ‘தட்டு’, ‘தட்டுமிடம்’ என்று மாற்றினேன். ஜியோபோன் வரிசைக்கு ‘விரிப்பு’ என்றார் ஒருவர். எனக்கு ஜமக்காளம்தான் நினைவுக்கு வருகிறது. கேபிளில் கோத்துக் கிடப்பதைப் பார்த்தால் மல்லிகைச் சரம் போலவே இருக்கும். ஆகவே ‘சரம்’. ஜியோபோனை அப்படியே விட்டுவிடலாம். களத்தில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தச் சொற்களை வைத்து எழுதிய நிபந்தனைகள் இவை: சரத்தின் நீளம், எதிர்பார்க்கும் ஆழத்தைப் போல் நான்கைந்து மடங்கு இருக்க வேண்டும். சரத்தின் இரு முனைகளிலும் தட்ட வேண்டும்; ஒரு முனையோடு நிறுத்தினால் சாய்ந்து கிடக்கும் பாறை ஏமாற்றிவிடும். (மூன்றாவது உறைக்காரரின் விலை குறைந்தது இந்த ஒரு முனைக் கணக்கால்தான்.) காற்றும் லாரிகளும் அடங்கிய விடியற்காலையில் பதிய வேண்டும். அறிக்கையோடு மூலப்பதிவையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு சோதனைத் துளை போட்டு ஆழத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்த முறை தொழில்நுட்ப உறையை முதலில் பிரித்து, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பதாகச் சங்கத்தில் முடிவு.

மறு அழைப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மீளலை’ மட்டும் எனக்கே இன்னும் நாவில் புரளவில்லை. வேறு சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.