தங்கத்துக்கு முன்னால் தண்ணீர், காற்று, ஏணி: சுரங்கம் கட்டியவர்களின் அனுபவங்கள்

பம்புக்காரர்:

புதிதாக ஒரு தங்கச் சுரங்கம் உற்பத்திக்கு வருகிறது என்றால், டன்னுக்கு எத்தனை கிராம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் வேலை பார்த்தவன் நான். மின்சாரமும் பம்பும் என் பொறுப்பு. அந்த மூன்று வருடத்தில் தங்கத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தண்ணீர்தான்.

லாரி இறங்கும் சாய்வுப் பாதையை ஏழுக்கு ஒன்று என்ற சரிவில் வெட்டிக்கொண்டு போனோம். ஏழு மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் கீழே. பாறையில் ஊறும் தண்ணீர், துளை போட விடும் தண்ணீர் எல்லாமே கடைசியில் வந்து தேங்குவது வெட்டு நடக்கும் முனையில். ஆட்கள் நிற்கும் இடமும் அதுதான்.

ஒரு நைட் ஷிப்டில் முனையில் இருந்த சின்ன பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, துளையிடும் ஜம்போ இயந்திரத்தின் டயர் பாதி முழுகிவிட்டது. இந்த பம்பு ஏற்றிவிடும் தண்ணீர் மேலே உள்ள சம்ப்பில், அதாவது தண்ணீர் தேக்கும் குழியில், விழ வேண்டும், அங்கிருந்து பெரிய பம்பு வெளியே தள்ள வேண்டும். போய்ப் பார்த்தால் பெரிய பம்பு சும்மா கிடக்கிறது, சம்ப்பு நிரம்பி, ஏற்றிய தண்ணீரே பாதையில் திரும்பி ஓடி வருகிறது. மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டேன். தோள் வரை சேறு. அரைத்த சந்தனம் மாதிரி வழவழவென்று இருந்தது, துளை போடும்போது வரும் பாறைத் தூள்தான் அது. மிதவை ஸ்விட்ச் அதற்குள் புதைந்து கிடந்தது. தண்ணீர் ஏறியும் மிதவை ஏறவில்லை, அதனால் பம்புக்கு ஆணை போகவில்லை.

சம்ப்பை அள்ளச் சொல்லி இரண்டு வாரமாக எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு லோடர் அரை ஷிப்ட் வேண்டும். பாதை வெட்டும் மீட்டர் கணக்கு குறைந்துவிடும் என்று தரவில்லை. அந்த இரவுக்கு அப்புறம் ஜம்போவின் மின்பெட்டியைக் காயவைத்து மறுபடி ஓட்ட ஒன்பது நாள் ஆனது.

ஆழமாகப் போகப் போக இது இன்னும் கஷ்டம். பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று வைத்தால், 300 மீட்டர் ஆழத்தில் இருந்து ஒரே மூச்சில் ஏற்ற, குழாய் உராய்வு போக 30 பார் வேண்டும். அந்த அளவு பம்புக்குச் சேறு கலந்த தண்ணீர் ஆகவே ஆகாது. அதனால்தான் நிரந்தர பம்பு நிலையத்தில் தெளியவைக்க இரண்டு சம்ப்பு வெட்டுகிறோம். ஒன்று ஓடும்போது மற்றதை அள்ளலாம். எங்கள் திட்டத்தில் இரண்டாவது சம்ப்பை 'தாது தராத மீட்டர்' என்று கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

மின்சாரமும் அப்படித்தான். கோலார் தங்கச் சுரங்கங்களுக்காக 1902-லேயே காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தில் இருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அதைத் தாதுக் கணக்கில் எழுத முடியுமா? மற்றவர்களும் உங்கள் பிரிவில் நடந்ததைச் சொல்லுங்கள்.

காற்றுவழி:

அண்ணே, உங்களுக்குத் தண்ணீர் என்றால் எங்களுக்குப் புகை. டீசல் வண்டிக்குக் கிலோவாட்டுக்கு விநாடிக்கு 0.06 கனமீட்டர் காற்று என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டோம். 250 கிலோவாட் லோடர் ஒன்றுக்கே 15 கனமீட்டர். லாரியும் சேர்ந்து இறங்கினால் தாங்காது. வாசலில் ஃபேன் வைத்து, கூரையில் தொங்கும் துணிக்குழாய் வழியாகத்தான் காற்றைத் தள்ளினோம். லாரி ஒரு தடவை உரசிக் கிழித்தால் போதும், முனையில் காற்று செத்துவிடும். வெடித்த பிறகு புகையும் நாங்கள் நடக்கும் அதே பாதையில்தான் மேலே வரும்.

இதற்கு வழி, மேலிருந்து தனியாக ஒரு காற்றுக்குழி. முதலில் கீழ்வரை சின்னத் துளை போடுவார்கள். துளை போட்டுக் கீழே வந்த தண்டின் நுனியில் பெரிய வெட்டுத்தலையைப் பூட்டி, சுழற்றிக்கொண்டே மேலே இழுப்பார்கள். குழி முடிந்து மேலே பெரிய ஃபேன் ஓடிய முதல் நாள், கீழ்மட்டத்தில் ஒரு பிடி பாறைத் தூளை எடுத்து விரலிடுக்கில் விட்டேன். நேராக விழாமல் சாய்ந்து குழிப் பக்கம் போனது. பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். அது வரை வெடிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் காத்திருப்போம். பிறகு இருபது நிமிடம்.

ஆனால் குழி இருந்தால் மட்டும் போதாது, பாதை அடைத்தால் ஆட்கள் தப்பி ஏற அதில் ஏணி வேண்டும். சிலியின் சான் ஹோசே செம்பு, தங்கச் சுரங்கத்தில் 2010 ஆகஸ்ட் 5 அன்று பாதை அடைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் காற்றுக்குழி வழியாக ஏறப் பார்த்தார்கள். ஏணி முழுதாக இல்லை. 33 பேரும் வெளியே வர 69 நாள் ஆனது. எங்கள் தளத்திலும் ஏணி முடிவதற்குள் தாது எடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நான் அந்த ஏணியில் 180 மீட்டர் ஏறிப் பார்த்தவன், இடுப்புப் பட்டையில் கருவிகள் எல்லாம் மாட்டிக்கொண்டு 52 நிமிடம். முட்டி நடுங்கியது. கடைசித் துண்டைப் பொருத்திய பிறகுதான் தாது என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேலாளர் அதில் கையெழுத்துப் போட்டார், அந்த மனுஷனுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

சுண்ணாம்புத் தொட்டி:

நான் மேலே, தாதுவில் இருந்து தங்கத்தைப் பிரிக்கும் ஆலையில் இருந்தேன். ஆலையை எடுத்தவுடன் தாது போட்டு ஓட்டுவதில்லை. முதலில் வெறும் தண்ணீர். ஒழுகல், பம்பின் சுழல் திசை, அளவிகள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு கடைசியில்தான். சுண்ணாம்பு சேர்த்து பிஎச் 10-க்கு மேல் நிறுத்தினால்தான் சயனைடு கரைசலிலேயே தங்கும். இறங்கினால் விஷவாயுவாகக் கிளம்பும். எங்களுக்கு முதல் வாரமே சுண்ணாம்புக் குழாய் கட்டியாகி அடைத்துக்கொண்டது. அளவி 9.8 காட்டியதும் சயனைடு வால்வு தானாக மூடியது. அந்தத் தானியங்கி மூடலை ஓட்டிப் பார்க்காமல் தொடங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த கருவிப் பிரிவுப் பெண்ணை அன்று எல்லோரும் தேடிப்போய்க் கைகுலுக்கினோம்.

பம்புக்காரர் சார், உங்களுக்கு ஒரு சேதி. கீழே தண்ணீர் வடியாத வாரங்களில் எங்களுக்குத் தாது சேறாக வந்தது. நொறுக்கியின் சரிவுத் தகட்டில் அப்பிக்கொள்ளும், கடப்பாரையால் குத்தித் தள்ளுவோம். இரண்டாவது சம்ப்பு வந்தபிறகுதான் எங்கள் கை ஓய்ந்தது. முதல் தங்கக் கட்டி வார்த்த அன்று நீங்கள் வந்தீர்களா?

பம்புக்காரர்:

இல்லை தம்பி. அன்று முதல் சம்ப்பை அள்ளும் முறை. லோடர் கேட்டவுடனேயே கொடுத்தார்கள். கட்டி வார்த்தாயிற்று என்று ரேடியோவில் சொன்னபோது மிதவை ஒயரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூட இருந்த பையன் எத்தனை கிலோ என்று கேட்டான். சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.