ஆடி மர்ஃபி: பதக்கத்துக்காகக் கிடைத்த வாய்ப்பா, உண்மையிலேயே நடிகரா?

சனிக்கிழமை சினிமா:
போன வாரம் 'நோ நேம் ஆன் தி புல்லட்' பார்த்தேன், 1959ல் வந்த கௌபாய் படம். கூலிக்குக் கொலை செய்கிறவன் ஒரு சின்ன ஊரில் வந்து இறங்குகிறான், யாரைக் கொல்ல வந்தான் என்று வாயே திறப்பதில்லை, காபி குடிக்கிறான், டாக்டரோடு செஸ் ஆடுகிறான், ஊரில் மடியில் கனம் உள்ளவர்கள் எல்லாம் தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று நடுங்கியே அழிந்துபோகிறார்கள். அந்தக் கொலைகாரனாக வந்த ஆடி மர்ஃபிக்குப் பள்ளிக்கூடப் பையன் முகம், ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே எனக்குப் பயமாக இருந்தது. தேடினால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் என்று வருகிறது. அந்தப் பெயருக்காகத்தான் படம் கொடுத்தார்களா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

பழைய ரீல்:
முதல் கதவு பதக்கத்தால் திறந்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. 1945 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகை அட்டையில் வந்த படத்தைப் பார்த்து அப்போது பெரிய நட்சத்திரமாக இருந்த ஜேம்ஸ் காக்னி ஹாலிவுட்டுக்குக் கூப்பிட்டார். ஆள் யார் என்றால், டெக்சாஸில் குத்தகை விவசாயக் குடும்பம், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், இவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுப் பருத்தி எடுக்கப் போனவர். 1942ல் மரைன் படை உடம்பு போதாது என்று திருப்பி அனுப்ப, காலாட்படைதான் சேர்த்துக்கொண்டது. அவருக்கு நடிப்பு பற்றி என்ன தெரியும்? காக்னியின் கம்பெனியில் ஒரு படம்கூட அமையவில்லை, அப்புறம் கையில் காசில்லாமல் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். 1948ல் சின்ன வேடம், 1949ல் நாயகன், 1950ல் யுனிவர்சல் ஸ்டூடியோ படத்தில் பில்லி தி கிட் என்ற பிரபல கொள்ளைக்காரன் வேடம். அதிலிருந்து 1969 வரை போட்டால் மொத்தம் நாற்பதுக்கு மேல் படங்கள், பெரும்பாலும் கௌபாய் படங்கள். பதக்கத்தைப் பார்த்து ஒன்றிரண்டு கொடுப்பார்கள், நாற்பது கொடுக்க மாட்டார்கள்.

மேற்கு வானம்:
1955ல் வந்த 'டு ஹெல் அண்ட் பேக்' பாருங்கள். கௌபாய் படம் இல்லை, அவருடைய சொந்தப் போர்க்கதை, அவரே அவராக நடித்தது. 1945 ஜனவரி 26, பிரான்சில் ஹோல்ட்ஸ்விர் என்ற ஊர்ப்பக்கம், தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த டாங்கி அழிப்பு வண்டி மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாளாக ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்தினார், காலில் காயத்தோடு. வயது பத்தொன்பது. அதற்குத்தான் அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஹானர். படத்தில் அந்த வண்டிக்குப் பதிலாக ஷெர்மன் டாங்கியைக் காட்டியிருப்பார்கள். 'ஜாஸ்' வரும்வரை, அதாவது இருபது வருஷம், யுனிவர்சலுக்கு இதுதான் வசூலில் முதலிடம்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன செஸ் ஆடும் டாக்டர், சார்ல்ஸ் டிரேக். 'டு ஹெல் அண்ட் பேக்' படத்தில் மர்ஃபியின் உயிர் நண்பனாக வந்து செத்துப்போகிறவரும் அவரேதான். நிஜத்தில் அந்த நண்பர் லாட்டி டிப்டன், 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்சில், ஜெர்மானியர்கள் சரணடைகிறார்கள் என்று நம்பி எழுந்து நின்றபோது சுடப்பட்டவர். அந்தச் சாவைக் கேமரா முன்னால் திரும்ப வாழ்ந்துவிட்டு, மர்ஃபி நான்கு வருஷம் கழித்து அதே நடிகருக்கு எதிரே உட்கார்ந்து காய் நகர்த்துகிறார்.

கரிசல்காட்டான்:
இவர் நடிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'போர்தான் கற்றுக்கொடுத்தது' என்று முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. போர் அவருக்குக் கொடுத்தது தூக்கமில்லாத இரவுகளை, தலையணைக்கடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை, தூக்க மாத்திரைப் பழக்கத்தை. அந்தப் பழக்கத்தை விடுவதற்காக ஒரு அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் கிடந்து மீண்டவர் அவர். அப்புறம் கொரியா, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் மனவேதனைக்கு அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார், அந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கடைசியில் பணக்கஷ்டம் கழுத்தை நெரித்தபோதும் மது, சிகரெட் விளம்பரங்களில் நடிக்க மறுத்துவிட்டார், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று. 1971ல் வர்ஜீனியாவில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், வயது 45.

நடிப்பை அவர் கற்றது வேலை செய்து செய்துதான். 1950 படத்தையும் 1959 படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், முன்னதில் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நிற்பார். நடுவில் 1951ல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயந்து ஓடிப்போகும் சிப்பாய் வேடம், அந்தப் பயத்தை எவ்வளவு கூச்சமில்லாமல் காட்டுகிறார்! ஸ்டூடியோ வெட்டித் தள்ளி 69 நிமிஷம்தான் மிச்சம் வைத்தது, எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். அப்புறம் 1960ல் 'தி அன்ஃபர்கிவன்', அதிலும் இயக்கம் ஹூஸ்டன்தான், வெறுப்பில் குடும்பத்தையே உதறிவிட்டுப் போகும் தம்பியாக வருவார்.

சனிக்கிழமை சினிமா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிரேக் விஷயம் படித்த கையோடு செஸ் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன், டாக்டரிடம் பேசும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகுவதுபோல இருக்கிறது, முதல் தடவை கவனிக்கவே இல்லை. இந்த வாரம் 'ரெட் பேட்ஜ்' பார்த்துவிட்டு வருகிறேன்.