பதில்: நீர்மூழ்கி மோட்டாரின் 'ட்ராப் பைப்' – தொங்குகுழாய் என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆழ்துளைக் கிணற்றில் (போர்) இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வரும் குழாயைத்தான் ஆங்கிலத்தில் 'ட்ராப் பைப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இறக்குகுழாய், தூண்குழாய், ஏற்றுகுழாய், தாங்குகுழாய் என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான் ஐந்தாவதாகத் தொங்குகுழாய் என்பதை முன்வைக்கிறேன்.

இரண்டை எளிதில் ஒதுக்கிவிடலாம். இறக்குகுழாய் என்றால் மொட்டைமாடி மழைநீரைக் கீழே கொண்டுவரும் குழாய் என்றுதான் வீடு கட்டுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தூண்குழாய் என்பது கடைகளில் சொல்லும் 'காலம் பைப்' (column, அதாவது தூண்) என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஆழ்துளைக்குள் அது எதையும் கீழிருந்து தாங்கி நிற்பதில்லை.

ஏற்றுகுழாய் அழகான சொல்தான். ஆனால் அடிபம்பின் உள்ளே இருக்கும் குழாயும், திறந்த கிணற்று மோனோபிளாக்கிலிருந்து (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) மேலே வரும் குழாயும் தண்ணீரை ஏற்றத்தானே செய்கின்றன? அவற்றின் நுனியில் மோட்டார் தொங்குவதில்லை. நாம் பெயர் தேடும் குழாயை மற்றவற்றிலிருந்து பிரிப்பதே அந்த மோட்டார்தான்.

இனி தாங்குகுழாய். அதைப் பரிந்துரைத்தவர் எழுதியது:

> எடையைத் தாங்குவதுதான் இதன் தனித்தன்மை ஐயா. பெயரிலும் அது வர வேண்டும்.

ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மட்டும் நினைத்தால் இது முழுக்கச் சரி. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப், 20 அடி நீளம், ஏறக்குறைய 18 கிலோ. 300 அடிக்கு 15 பைப், கிட்டத்தட்ட 270 கிலோ. உள்ளே நிற்கும் தண்ணீர் இன்னொரு 90 கிலோ, அதற்கும் கீழே பம்பும் மோட்டாரும். இத்தனையும் மேலே இருக்கும் முதல் மரையில்தான் தொங்குகிறது. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் அரிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அந்த மரைகளில்தான். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி), முக்காலி, நாலைந்து ஆட்கள் இல்லாமல் மேலே எடுக்கவும் முடியாது.

யூ.பி.வி.சி. (விறைப்பான பிளாஸ்டிக்) காலம் பைப்பும் எடையைத் தாங்குகிறது. சதுர மரையும் ரப்பர் வளையமும் போட்டு 3 மீட்டர் துண்டுகளாக இணைக்கிறோம். துருப்பிடிக்காது, எடை குறைவு. மோட்டார் கிளம்பும்போது ஒரு முறுக்கு விசை வருவதால், மரை கழலாமல் பூட்டு உள்ள இணைப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆழத்தையும் மறக்கக் கூடாது. 10 மீட்டர் நீர் உயரத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். 300 அடி என்றால் கீழ்நுனியில் 9 கிலோ, மோட்டார் நிற்கும்போது வரும் அதிர்ச்சி அதற்கு மேல். எடை மிகுதியாக விழுவது மேல்நுனியில், அழுத்தம் மிகுதியாக விழுவது கீழ்நுனியில். இரண்டையும் பார்த்துத்தான் பைப்பின் தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிக்கல் வருவது கருப்பு எச்.டி.பி.இ. (வளையக்கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஓஸில். சுருளாக வரும், நடுவில் இணைப்பே இல்லை. தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் நீருக்குள் தன் எடையைச் சுமத்தாது. ஆனால் பாரம் ஏறினால் கொஞ்சம் நீளும். அதனால் கேபிளைத் தளர்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். பல இடங்களில் மோட்டாரைக் கயிற்றிலோ எஃகு வடத்திலோ கட்டி, எடையை அதில் விடுகிறார்கள். ஓஸ் தண்ணீரை மட்டும் கொண்டு வருகிறது. அதைத் தாங்குகுழாய் என்று எப்படிச் சொல்வது?

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் நம் கவலை ஏற்றத்திலும் இதே பிரிவினை உண்டு. பாரத்தை வடம் இழுத்தது, தண்ணீர் தும்பி (சாலின் கீழே உள்ள தோல்குழாய்) வழியாக வெளியே கொட்டியது. ஜி.ஐ. பைப்பில் இரண்டு வேலையும் ஒன்றாகிவிட்டன, கருப்பு ஓஸில் மறுபடி பிரிந்துவிட்டன. எந்தப் பொருளில் செய்தாலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: போர் வாயிலிருந்து மோட்டார் வரை அந்தக் குழாய் தொங்குகிறது. அப்புறம், 'தொங்கு' என்பதற்கு அகராதி வேண்டியதில்லை. மோட்டார் இறக்குபவருக்குக் கேட்டதும் விளங்கிவிடும்.

எழுதும்போது ஒற்று மிகாது, வினைத்தொகை. 'தொங்குக்குழாய்' என்று எழுத வேண்டாம்.

குழாய் செய்யப்படும் பொருள்களின் பெயர்களைத் தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 'மிகையடர் பல்லெத்திலீன் தொங்குகுழாய்' என்று எழுதினால் கடைக்குப் போகும் விவசாயிக்கு எந்தப் பயனும் இல்லை. ஜி.ஐ. தொங்குகுழாய், யூ.பி.வி.சி. தொங்குகுழாய், எச்.டி.பி.இ. தொங்குகுழாய் என்றே இருக்கட்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கான வரைவு:

தொங்குகுழாய் – ஆழ்துளைக் கிணற்றின் வாயிலிருந்து நீர்மூழ்கி மோட்டார் வரை உறைகுழாய்க்குள் தொங்கவிடப்பட்டு, நீரை மேலே கொண்டு வரும் குழாய். பம்பின் எடையைத் தானே தாங்கலாம். கயிறு அல்லது வடத்தின் துணையுடனும் இருக்கலாம்.

'காலம் பைப்' என்பதை இதே பதிவில் வழக்குச் சொல்லாகச் சேர்த்துவிடலாம். கேசிங்குக்கு (ஆழ்துளையின் சுவர் இடியாமல் காக்கும் வெளிக்குழாய்) 'உறைகுழாய்' என்று எழுதியிருக்கிறேன். உறைகிணறு என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்க வேண்டுமானால் சொல்லுங்கள்.