வால்ட்மைஸ்டர் பானம்: மூன்று முறை செய்தும் மணமே வரவில்லை, அவசரம்

மாடித்தொட்டி:
சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். வால்ட்மைஸ்டர் என்ற ஐரோப்பிய வாசனை மூலிகை போட்ட வசந்தகாலப் பானம் செய்து தருவதாகப் பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். குழந்தைகளும் குடிப்பார்கள், ஆகவே வழக்கமாக அதில் சேர்க்கும் ஒயின் கிடையாது. மூன்று முறை செய்துவிட்டேன். மூன்று முறையும் புல்லை ஊறவைத்த தண்ணீர்தான் கிடைத்தது. மணம் துளியும் இல்லை, பச்சை நிறமும் வரவில்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். எங்கே தப்பு?

அஞ்சறைப்பெட்டி:
எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர்? காட்டில் பறித்ததா, கடையில் வாங்கியதா? எத்தனை நேரம் ஊறியது? ஒன்றுமே சொல்லாமல் தப்பு எங்கே என்றால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

காட்டுவழி:
அது வால்ட்மைஸ்டராகவே இருக்காது. அதே காலியம் என்ற தாவரப் பேரினத்தில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் செடிகள் நிறைய உண்டு. வால்ட்மைஸ்டருக்குத் தண்டு நாலு பட்டையாக, வழவழப்பாக இருக்கும். ஆறு முதல் ஒன்பது இலைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஒரே கணுவைச் சுற்றி நிற்கும். தண்டு துணியில் ஒட்டிக்கொண்டால் அது வேறு செடி. படம் போடுங்கள்.

வெயில்முற்றம்:
பூத்துவிட்டதா? வெள்ளைப் பூ வந்த பிறகு பறித்தால் மணம் போய்விடும். எனக்கும் இப்படித்தான் ஆனது.

மூத்தவாசகன்:
ஆண்டுதோறும் ஏப்ரல் முடிந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். நான் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இன்றைய தலைமுறைக்கு இல்லை. போகட்டும். பூத்தால் மணம் போகும் என்பது பிழை. பூத்த பிறகு செடியில் கூமரின் என்ற மணப்பொருள் கூடுகிறது, தலைவலி வரும். அதனால்தான் முன்பே பறிக்கச் சொல்கிறார்கள்.

அஞ்சறைப்பெட்டி:
ஐயா, எழுதியது எங்கே என்று சுட்டி கொடுத்திருந்தால் இந்நேரம் அவருடைய வேலை முடிந்திருக்கும்.

மாடித்தொட்டி:
செடி நாற்றுப்பண்ணையில் பெயர்ச்சீட்டோடு வாங்கியது, தொட்டியில் வளர்கிறது. ஒட்டவில்லை. இன்னும் பூக்கவில்லை. ஒரு லிட்டருக்கு ஒரு கைப்பிடி. பறித்த உடனே கழுவி வழக்கம்போலத்தான் செய்தேன்.

காட்டுவழி:
பெயர்ச்சீட்டை நம்பாதீர்கள். படம்?

நிழல்காய்ச்சல்:
வழக்கம்போல என்றால் எப்படி?

மாடித்தொட்டி:
கஷாயம் போடுவதுபோலத்தான். கொதிக்கவைத்து, பாதியாக வற்றவைத்து, வடிகட்டி, ஆறியதும் குளிர்பெட்டியில். இதையெல்லாம் கூடவா எழுத வேண்டும்?

நிழல்காய்ச்சல்:
எழுத வேண்டும் அம்மா, கோளாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பச்சை வால்ட்மைஸ்டரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. மணம் தரும் கூமரின் அதில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை வாடும்போது செல்கள் உடைந்து, ஒரு நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிட்ட பிறகுதான் வைக்கோலும் வெனிலாவும் கலந்ததுபோன்ற வாசனை எழும். பறித்த கையோடு கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும். அப்புறம் எவ்வளவு வற்றவைத்தாலும் புல் தண்ணீர்தான்.

நான் செய்வது இது. பச்சையாக இருக்கும்போதே சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்வேன்: ஒரு லிட்டர் பானத்துக்கு 3 கிராம், கூடவே கூடாது. கழுவி, ஈரம் ஒற்றி, நூலால் கொத்தாகக் கட்டி, இரவு முழுக்க நிழலில் தொங்கவிடுவேன். காலையில் இலை தளர்ந்து விளிம்பு சுருண்டிருக்கும். கதவைத் திறந்ததுமே மணம் சொல்லிவிடும். அவசரமென்றால் உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்தாலும் செல் உடைந்துவிடும், வேலை நடக்கும்.

பிறகு தெளிந்த ஆப்பிள் சாறு அரை லிட்டர். கொத்தைத் தலைகீழாக அதில் தொங்கவிடுங்கள். வெட்டிய காம்பு முனைகள் மட்டும் சாற்றுக்கு மேலே இருக்கட்டும், முங்கினால் கசப்பு இறங்கும் என்பார்கள். குளிர்பெட்டியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். எடுத்துவிட்டு எலுமிச்சை வில்லைகள், பரிமாறும் நேரத்தில் குளிர்ந்த சோடா அரை லிட்டர். முன்கூட்டியே ஊற்றினால் குமிழி போய்விடும்.

வெயில்முற்றம்:
கூமரின் என்றால் இரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்தல்லவா? குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களே!

மூத்தவாசகன்:
ஆமாம், எலி மருந்தும் அதுதான். நான் சொல்ல வந்ததே இது.

நிழல்காய்ச்சல்:
அது வேறு, இது வேறு. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. அந்தத் தீவனத்திலிருந்த கூமரினைப் பூஞ்சை டைகூமரால் என்ற பொருளாக மாற்றியிருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் அதைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்து, பிறகு மனிதருக்கும் மருந்தானது. வெறும் கூமரினுக்கு அந்தக் குணம் கிடையாது. அதிகமானால் தலைவலி, சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. அதனால்தான் 3 கிராம் என்று அழுத்திச் சொன்னேன். குழந்தைகளுக்குச் சின்னக் குவளை போதும். வார்ஃபரின் சாப்பிடுபவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி இதைத் தொடவேண்டாம். வாடப்போட்ட கொத்தில் பூஞ்சை தெரிந்தால் அப்படியே குப்பைக்கு.

அஞ்சறைப்பெட்டி:
இதற்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள் வீட்டில் எந்தப் பட்டை போடுகிறீர்கள் என்று பாருங்கள். கெட்டியாக ஒற்றைச் சுருளாக இருக்கும் காசியாப் பட்டையில் கூமரின் ஏராளம். சுருட்டுபோலப் பல மெல்லிய அடுக்குகளாக இருக்கும் இலங்கைப் பட்டையில் பேருக்குத்தான் இருக்கும்.

வெயில்முற்றம்:
பிரியாணிக்குக் காசியாதான் சரி. இலங்கைப் பட்டைக்குக் காரமே இல்லை.

அஞ்சறைப்பெட்டி:
காரம் மிளகாயில் தேடுங்கள், பட்டையில் ஏன் தேடுகிறீர்கள்?

மூத்தவாசகன்:
இழை பிரியாணிக்குப் போய்விட்டது. வழக்கம்போல.

மாடித்தொட்டி:
பட்டையை அப்புறம் பார்க்கலாம். இன்றிரவு வாடப்போடுகிறேன். பச்சை நிறம் எப்படி வரும்? இங்கே கடையில் விற்கும் வால்ட்மைஸ்டர் ஜெல்லி கிளிப்பச்சையாக இருக்கிறதே.

நிழல்காய்ச்சல்:
அது சாயம். மணமும் அதில் பெரும்பாலும் செயற்கைதான். நிஜச் செடி ஆப்பிள் சாற்றை அப்படியே வெளிர் மஞ்சளாகத்தான் விடும்.

காட்டுவழி:
வாடிய பிறகும் மணம் வராவிட்டால் நான் முதலில் சொன்னதுதான் காரணம்.

மாடித்தொட்டி:
வந்தது. சமையலறை முழுக்க. பாட்டி குவளையை முதலில் முகர்ந்தார், பிறகுதான் குடித்தார். இரண்டாவது குவளையும் கேட்டார். குழந்தைகள் பச்சையாக இல்லையே என்று முகம் சுளித்தார்கள். நன்றி, பாத்திரம் கழுவப் போகிறேன்.

காட்டுவழி:
மகிழ்ச்சி. இருந்தாலும் ஒரு படம் போட்டிருக்கலாம்.