சிறிய காருக்குப் பெரிய சக்கரம் தேவைதானா?

(கார் ஆர்வலர்கள் நால்வர் புனைபெயரில் எழுதிய பதிவுகள்.)

நான்காம் கியர்:

என் சிறிய காருக்கு ஏழு ஆண்டுகள் முடிந்து, ஓடோமீட்டர் 92,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தொழிற்சாலையிலிருந்து வந்த 175/65 ஆர்14 டயர் அளவையே இதுவரை மாற்றாமல் ஓட்டி வருகிறேன். நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டதால், இந்த முறை 16 அங்குல அலாய் வீலும் 195/45 டயரும் போட்டு, கூடவே காரை 35 மி.மீ. தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளையும் மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அழகும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைவிட முக்கியமாக, வளைவுகளில் கார் மிகவும் சாய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் தயங்கிய பிறகே முன்பக்கம் திரும்புகிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஆட்டம் உடனே அடங்குவதில்லை. இந்த மாற்றங்களால் இம்மூன்றும் தீருமா?

அச்சாணி:

தீராது என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் குறைந்தது இரண்டு வடிவமைப்பின் குறையல்ல, வயதின் அடையாளம். ஆட்டம் அடங்கவில்லை என்றால் ஷாக் அப்சார்பர்கள் ஓய்ந்துவிட்டன என்று பொருள். ஸ்டீயரிங் தயங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் அதன் வெளிமுனையில் உள்ள பந்து மூட்டுகளான பால் ஜாயிண்டுகளையும்தான். புஷ்ஷின் ரப்பர் வெடித்துவிட்டால், நீங்கள் திருப்பும் அளவில் ஒரு பகுதி சக்கரத்தைத் திருப்பாமல் அந்த ரப்பரை நெளியவைப்பதிலேயே வீணாகிவிடும். கார் புதிதாக இருந்தபோதும் இப்படித்தான் ஓடியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தளர்வதால், தினமும் ஓட்டுபவருக்குத்தான் அது கடைசியில் தெரியவரும்.

இன்னொரு கேள்வி: பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் விதிக்கும் வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அந்த ஆயில் சூடாகிக் கொதித்து, பிரேக் மிதி திடீரென்று மெத்தென ஆகிவிட்டால், வீலின் அங்குலம் உங்களைக் காப்பாற்றாது. முதலில் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம்.

தீப்பொறி:

பராமரிப்பு முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தொழிற்சாலை கொடுத்ததே இறுதி வார்த்தை என்பது போன்ற ஒரு தொனி அச்சாணியின் பதிவில் ஒலிக்கிறது; அதை ஏற்க முடியாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினாலும், மோசமான சாலையானாலும், டயரில் காற்றைப் பார்க்கவே மறந்துபோகும் உரிமையாளரானாலும் சமாளிக்க வேண்டும் என்றே ஒரு சிறிய காரை வடிவமைக்கிறார்கள். பெரும்பாலும் தனியாக ஓட்டுபவர், வாரந்தோறும் காற்றைச் சரிபார்ப்பவர், அந்தச் சமரசங்களை எல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால், திருப்பும்போது முதலில் அதுதான் வளையும். பிறகே தரையைத் தொடும் பகுதி திரும்பும். அதனால் நான்காம் கியர் உணரும் தயக்கத்தில் டயருக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் புஷ்ஷின் தலையில் கட்ட வேண்டாம். சிறிய காரை மாற்றியமைப்பது ஏதோ இக்காலத்து விளையாட்டும் அல்ல. 1959-இல் மினி என்ற பிரிட்டிஷ் சிறிய கார் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், பந்தயக் கார்களைக் கட்டிய ஜான் கூப்பரின் முயற்சியால் மினி கூப்பர் பிறந்தது. அந்தக் கார்தான் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மாண்டே கார்லோ ராலியை வென்றது. மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் வரைந்தது வரைந்தபடியே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

அச்சாணி:

நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. 848 சி.சி. எஞ்சினை 997 சி.சி. ஆக்கியபோது, அதோடு நிற்காமல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்தார்கள். வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்துவதையும் சேர்த்தே யோசித்தார்கள். சக்கரத்தையும் பெரிதாக்கவில்லை, அதே 10 அங்குலம்தான், அதற்குள் 7 அங்குல டிஸ்க்கை அடக்கினார்கள். இன்று வீலை மாற்றுபவர்களில் எத்தனை பேர் பிரேக்கை எட்டிப் பார்க்கிறார்கள்?

குட்டை ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அது. பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்தது. அதைத் தாழ்த்தினால் காரின் எடை மையம் 35 மி.மீ. இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடுவதால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிடக் கூடுதலாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். தாழ்த்தியதால் அது நீண்டுவிட்டது. சாய்வைக் குறைக்கப் போய், சாய்க்கும் விசைக்கே கைப்பிடியை நீட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. தவிர, சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் 35 மி.மீ. போய்விட்டதால், சற்றே பெரிய பள்ளத்திலும் ஸ்ட்ரட் அதன் கடைசித் தடையான பம்ப் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று அறுந்துவிடும்.

அளவுகோல்:

இருவருக்கும் நடுவில் கொஞ்சம் கணக்கை வைக்கிறேன்.

175/65 ஆர்14 என்றால் டயரின் அகலம் 175 மி.மீ., ரிம்மின் விட்டம் 14 அங்குலம், பக்கச்சுவரின் உயரம் அந்த 175-இல் 65 சதவீதம், அதாவது சுமார் 114 மி.மீ.; மொத்த விட்டம் 583 மி.மீ. கேட்டவர் சொன்ன 195/45 ஆர்16-இன் விட்டம் 582 மி.மீ., ஆகவே ஸ்பீடோமீட்டருக்குச் சிக்கல் வராது. ஆனால் பக்கச்சுவர் 88 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் இருந்த மெத்தையில் 26 மி.மீ. போனால், அலாய் வளைவதும் டயரின் ஓரம் புடைப்பதும் தூரத்தில் இல்லை. 185/55 ஆர்15 போட்டால் விட்டம் 584.5 மி.மீ., பக்கச்சுவர் 102 மி.மீ.; மாற்றமும் தெரியும், மெத்தையும் மிஞ்சும். கடைகளில் எளிதாகக் கிடைக்கிறதே என்று பலர் போடும் 185/60 ஆர்15-இன் விட்டம் 603 மி.மீ. அது 3.4 சதவீதம் கூடுதல். அதே ஸ்பீடோமீட்டர் எண்ணுக்குக் கார் முன்பைவிட அந்த அளவு வேகமாகப் போகும், கியர் விகிதமும் அதே அளவு நீளும். 1.2 லிட்டர் எஞ்சின் ஏற்றத்தில் அதை உணர்த்தாமல் விடாது.

சுமை எண்ணையும் மறக்க வேண்டாம். பழைய டயரில் 82 என்று இருந்தால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 195/45 ஆர்16-இல் 80 என்ற எண் உள்ளதை வாங்கினால் அது 450 கிலோவாகக் குறைந்துவிடும். 84 உள்ளது 500 கிலோ தாங்கும், ஆனால் அதற்குரிய கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். தாங்கும் எடை பழையதைவிடக் குறையவே கூடாது.

ஆஃப்செட்தான் பலர் பார்க்காமல் விடுவது: வீல், அது மாட்டப்படும் மையப் பகுதியான ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு அது. ரிம்மின் அகலம் 5.5 அங்குலத்திலிருந்து 6.5 ஆகி, ஆஃப்செட் 45-இலிருந்து 38 ஆனால், வீலின் வெளிவிளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். ஃபெண்டரில் உரசுவது உடனே காதில் விழும். வீல் பேரிங்கின் மேல் ஏறும் பாரம் ஓராண்டு கழித்துத்தான் ஊளையிடும்.

தீப்பொறி:

கணக்கை மதிக்கிறேன். 16 அங்குலத்தைவிட 15 பொருத்தமாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாழ்த்துவதைப் பற்றி அச்சாணி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்: முறையாகச் செய்த குட்டை ஸ்பிரிங் குட்டையானது மட்டுமல்ல, கடினமானதும்கூட. நெம்புகோல் நீண்டாலும் அந்தக் கடினம் சாய்வைத் தடுத்துவிடும். பழைய ஸ்பிரிங்கை வட்டம் வட்டமாக வெட்டிப் போடுகிறார்களே, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறீர்கள். அந்த வேலையை நானும் வெறுக்கிறேன். 15 மி.மீ. அளவுக்கு மிதமாகத் தாழ்த்தி, அதற்கேற்ற ஷாக் அப்சார்பரைப் போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால் அது பிழையான வேலையே அல்ல.

அச்சாணி:

கடினமான ஸ்பிரிங் தடுக்கும், சரி. அப்படியானால் உயரத்தைத் தொடாமல் இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆண்டி ரோல் பாரைச் சற்றுத் தடிமனாகப் போட்டாலே சாய்வு குறையுமே! நேர்ச்சாலையில் சொகுசும் பெரிதாகக் கெடாது. தாழ்த்தியே ஆக வேண்டும் என்பதற்குத் தோற்றத்தைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தீப்பொறி:

தோற்றம் என்பது ஏன் காரணமாகாது? தன் காரை நிறுத்திவிட்டு நடந்தபின் ஒருமுறை திரும்பிப் பார்ப்பவர்தான் அதன் பிரேக் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றுவார்.

நான்காம் கியர்:

இதைப் படித்த பிறகு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறது. இரண்டு லோயர் ஆர்ம் புஷ்களும் வெடித்திருக்கின்றன. பிரேக் ஆயில் நான்கு ஆண்டுகளாக மாற்றப்படவே இல்லை, தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே நான்கு ஷாக் அப்சார்பர்கள், புஷ்கள், பிரேக் ஆயில் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு, 185/55 ஆர்15 டயர்களை 6 அங்குல அகல வீலில் போடப் போகிறேன். ஸ்பிரிங்கைத் தொடவில்லை, இப்போதைக்கு என்று சேர்த்துக்கொள்கிறேன், தீப்பொறி மகிழட்டும். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: நான் பார்த்து வைத்திருக்கும் வீலின் நடுத்துளை என் காரின் ஹப்பைவிடப் பெரியதாக இருக்கிறது. போல்ட் துளைகள் பொருந்துகின்றன. அப்படியே மாட்டலாமா?

அளவுகோல்:

அப்படியே மாட்டாதீர்கள். இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போட்டால்தான் இறுக்கும்போது வீல் சரியாக நடுவில் அமரும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும், நீங்கள் பேலன்ஸிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அலாய் வீலுக்குரிய நட்டின் உட்காரும் முகம் பழைய இரும்பு வீலுடையதிலிருந்து வேறுபடலாம், அதையும் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பின் சுமார் 100 கி.மீ. ஓட்டிவிட்டு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் கொண்டு ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

அச்சாணி:

கழற்றும் 14 அங்குல வீல்களை விற்றுவிடாமல் ஒன்றையாவது ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதற்குரிய பழைய நட்டுகளும் டிக்கியிலேயே இருக்கட்டும்.