களிமண் புள்ளையார் செய்றவங்கள எடுத்தா போட்டோ ஏன் சப்புனு வருது?

பெரம்பூர்பையன்:
புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டைல களிமண் புள்ளையார் செய்ற ஒரு வீட்டுக்கு ரெண்டு வாரமா போயிட்டு வரேன். நேர்ல அந்த அய்யா கை, ஈர மண்ணு, வாசல் வெளிச்சம்னு பாத்துட்டே இருக்கலாம், போட்டோல பாத்தா ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு. ஃப்ளாஷ் போட்டா மூஞ்சி வெளிறிடுது, போடாம சைலன்ட் ஷட்டர்ல (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) 1/500 செகண்ட் வச்சா குறுக்கால பட்டை பட்டையா கோடு. லென்ஸ் 50 எம்எம் 1.8. ஹெல்ப் ப்ளீஸ்.

மயிலாப்பூர்மணி:
தம்பி மொதல்ல ஃப்ளாஷ பைல போடு. கேமரா மேலயே இருந்து நேரா அடிக்குதுல்ல, நிழலெல்லாம் பின்னாடி ஒளிஞ்சிக்கும், மண்ணுல விரல் அமுங்குன பள்ளமே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டுல வரணும். வாசலுக்கு முதுக காட்டி நிக்காத, வாசல் உன் தோள் பக்கம் இருக்குற மாதிரி உக்காரு. கோடு வர்றதுக்கு காரணம் டியூப்லைட், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், அதனால சைலன்ட்ட விட்டுட்டு 'டக்'குனு சத்தம் வர்ற மெக்கானிக்கல் ஷட்டர்ல 1/100 இல்லனா 1/50 செகண்ட் வை. டியூப்லைட்ட அணைக்கலாம்தான், ஆனா கேட்டுட்டு அணை, சீசன் நேரத்துல அவங்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு.

நிழல்பிரியன்:
மணி சாரோட சேத்து ஒண்ணு. இருட்டு ரூம பாத்துட்டு கேமரா தானா எல்லாத்தையும் வெளுப்பாக்கும், எக்ஸ்போஷர (போட்டோவோட வெளிச்ச அளவ) மைனஸ் 1 எறக்குங்க, மூட் தன்னால வரும். வெளிச்சம் பத்தாதப்ப ஏத்துற ஐஎஸ்ஓ செட்டிங் 3200 போனாலும் பரவால்ல, புள்ளி புள்ளியா வர்ற க்ரெய்ன பாத்து யாரும் அழப்போறதில்ல. அப்படியே மாமல்லபுரத்துல கல் சிற்பம் செதுக்குறவங்கள எடுக்க போனா கல் தூசிக்கு பின்னாடி வெயில் இருக்குற மாதிரி நில்லுங்க, தூசி புகையா மின்னும் (மாஸ்க் போட்டுக்கங்க, நான் ரெண்டு நாள் இருமுனேன்).

வடசென்னைவாசி:
மூட் மூட்னு ரொம்ப இருட்டாக்காதீங்கய்யா. நான் இப்டிதான் ஒரு பொம்மைக்காரரு வீட்ட கருகருன்னு எடுத்து பிரிண்ட் போட்டு கொண்டு போய் குடுத்தேன், "ஏம்பா, என் வீடு என்ன குகையா?"ன்னாரு. மூஞ்சியே காட்ட முடியல. மண்ணு பிசையறப்ப இருட்டு ஓகே, பெயின்ட் அடிச்சு கண்ணு தொறக்குறப்ப நல்லா வெளிச்சமா எடுங்க, அந்த கலர்தான் அவங்க சரக்கு.

பெரம்பூர்பையன்:
தேங்க்ஸ்ணே. அவங்க வாசல் கிழக்கு பாத்தது, காலைல வெயில் நேரா உள்ள வந்து பாதி மூஞ்சி வெந்து போகுதே?

மயிலாப்பூர்மணி:
அப்ப பத்து, பதினோரு மணிக்கு மேல போ, வெயில் வாசப்படிய தாண்டி வெளிய போயிருக்கும். இல்லனா ஒரு வெள்ள வேட்டிய வாசல்ல தொங்க விடு. போறப்ப ஒரு புள்ளையார் வாங்கிடு, பேரம் பேசாம.