மறு: ஓராள் கரையோரப் படகு – விசைப்படகா, உறைகலமா, தங்குபடகா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை கையேடு அச்சுக்குப் போகிறது. ஒரே ஆள் ஓட்டி, ராத்திரி அதிலேயே படுத்துத் தூங்கி, கரையை ஒட்டியே போய்வரக்கூடிய சின்ன மோட்டார் படகை வீட்டிலேயே பிளைவுட்டில் கட்டுவது எப்படி என்பதுதான் அதன் பொருள். அணியம் (படகின் முன்முனை), ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை), சுக்கான் மூன்றையும் யாரும் மறுக்கவில்லை, சந்தோஷம். இப்படித் தங்கிப் போய்வரும் படகை ஆங்கிலத்தில் குரூசர் என்கிறார்கள், அதற்கான தமிழ்ச்சொல்தான் இழுக்கிறது.

> விசைப்படகு என்றே போடுங்கள். அரசாணையிலேயே இருக்கிற சொல்.

தம்பி, அரசாணையில் இருப்பதுதான் சிக்கலே. வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்று செய்தி வருகிறதே, அதில் 'விசைப்படகுகள் கடலுக்குச் செல்லவில்லை' என்று படிக்கும்போது யார் கண்ணுக்கும் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் பெரிய இழுவைப் படகுகள்தான் தெரியும். ஐந்து மீட்டர் நீளத்தில் ஒருவர் கட்டும் படகுக்கு அந்தப் பெயரை வைத்தால் வாசகர் முதல் பக்கத்திலேயே தவறான படகை மனதில் கட்டிக்கொள்வார். விரைபடகும் வேண்டாம். நீரை ஒதுக்கிக்கொண்டே போகும் அடிப்பகுதி உள்ள படகின் வேகத்துக்கு அதன் நீர்மட்ட நீளமே எல்லை. நீளத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 2.43 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் ஏறக்குறைய அந்த எல்லை வந்துவிடும். நம் படகின் நீர்மட்ட நீளமான 4.8 மீட்டருக்கு 5.3 நாட், மணிக்குப் பத்து கிலோமீட்டர் கூட முழுதாக இல்லை. அதற்கு மேல் எவ்வளவு பெரிய இன்ஜினை மாட்டினாலும் அலை பெரிதாகும், பெட்ரோல் தீரும், வேகம் அதிகம் கூடாது. இதை மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சொல்லிவிட்டு அட்டையில் 'விரை' என்று போட முடியுமா?

> பட்டினப்பாலையில் பஃறி இருக்கிறது. தனிப்பஃறி எனலாம்.

ஐயா, உப்பை விற்று நெல்லோடு திரும்பும் பஃறிகளைக் கொட்டில் குதிரைகளைப் போலக் கட்டிவைத்திருக்கும் அந்த இடத்தை நீங்கள் எடுத்துக் காட்டியதும் எழுந்துபோய் மறுபடி படித்தேன். ஆனால் அது பண்டம் ஏற்றிய படகு. கையேட்டைப் பயன்படுத்தப்போகிறவர்கள் ஐடிஐ மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும். ஆய்தத்தைப் பார்த்ததும் தயங்கும் பிள்ளை பட்டறையில் அதை வாயால் சொல்லவே மாட்டான்.

ஐயா சொன்ன இன்னொரு பெயரான உறைகலத்தில் எனக்கும் ஆசை இருந்தது. உறை என்றால் நமக்கு வசிப்பது, மாணவருக்குப் பனி, தலையணைக்குப் போடும் துணி. கலம் என்றால் இங்கே மின்கலம், இலங்கைப் பாடநூல்களில் உயிரணு. இரண்டு பக்கமும் வழுக்குகிறது.

> தைத்து ஒட்டும் முறை என்பதற்கே பழைய பெயர் இருக்குமே?

அக்கா, இது தலைப்புக்குள் வராது, ஆனாலும் விட மனமில்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைக்கு நடுவே கரை சேர்த்தது மசூலா படகு. ஆணி கிடையாது, பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அதனால் கரையில் மோதும்போது பிளக்காமல் வளைந்து கொடுக்கும். நம் கையேட்டில் செம்புக் கம்பியால் தைத்து, மூலையில் எபாக்சிப் பசையை நிரப்பி, கண்ணாடி இழைநாடா ஒட்டுகிறோம். இங்கே தையல் பலகைகளை வடிவத்துக்குக் கொண்டுவர மட்டும்தான், இறுகியதும் படகு வளையாது. மசூலா என்று பெயர் வைக்க முடியாது, 'தையல்' என்ற சொல் மட்டும் தாராளமாக உள்ளே வரட்டும்.

சரி, என் முடிவு தங்குபடகு. தூத்துக்குடிப் பக்கம் பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பதைத் தங்குகடல் மீன்பிடிப்பு என்கிறார்கள். ஏற்கெனவே கடலில் புழங்குகிற சொல்லிலிருந்து அடுத்த சொல் தானே பிறக்கிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வராது, ஊறுகாய், சுடுகாடு மாதிரி. 'தங்குப்படகு' என்று திருத்தி அனுப்பிய நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வடிவமைப்பும் இதையே கேட்கிறது. காசிமேட்டிலிருந்து மாமல்லபுரம் கடல்வழியே ஏறக்குறைய 55 கிலோமீட்டர், இந்த வேகத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். ஒரே ஆள் அன்றே திரும்பி வருவது உடம்புக்கு ஆகாது, ஆகவே படுக்கை வேண்டும். படுக்கைக்கு இரண்டு மீட்டர், அதாவது படகில் ஐந்தில் இரண்டு பங்கு. அதை முன்பக்கம் வைத்தால் கால்மாடு அணியத்துக்குள் குறுகும். ஆளும் அவுட்போர்டும் (படகின் பின்முனையில் வெளியே மாட்டும் இன்ஜின்) பின்னால் இருப்பதால் பின்பக்கம் அமிழும், அதைச் சமன்செய்யத் தண்ணீரும் நங்கூரமும் முன்னே போகும். பெட்ரோல் டேங்கை நடுவில் வைத்தால் காலியாகக் காலியாகப் படகு சாயாது. இத்தனையும் அந்தப் படுக்கையிலிருந்து தொடங்குவதால் பெயரும் அதிலிருந்தே வரட்டும்.

'ஓராள்' தேவையில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். தனியாகப் போகிறவர் தவறி விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டு ஓடிவிடும். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டியே இருக்க வேண்டும், நீரிலிருந்து ஏற ஏணி வேண்டும். ஆள் எண்ணிக்கை மாறினால் படகே மாறுகிறது. 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' (கடல் பயணம் பெண்ணோடு இல்லை) என்ற தொல்காப்பிய நூற்பாவை வைத்து இது ஆண்களுக்கான படகு என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள்வயிற் பிரிகிற தலைவன் கடல்வழி போகையில் தலைவியை உடன் கொண்டுபோவதில்லை என்பதுதான் அங்கே பேச்சு, அவள் தனியே படகு ஓட்டுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஓராள் என்பது பெண்ணுக்கும் சேர்த்துத்தான்.

இதுவரை பெரும்பாலோர் 'ஓராள் தங்குபடகு' பக்கம். கேரளப் படகுவீட்டோடு குழம்பும் என்று ஐயா இன்னும் சொல்கிறார். அது நியாயமான கவலை, எனக்கும் முழுத் தீர்வு தெரியவில்லை. உறைகலத்தை முன்னுரையில் அவருடைய பரிந்துரையாகவே சேர்க்கிறேன். 'கரையோர' முன்னால் வேண்டுமா என்பதும் முடியவில்லை, அட்டையில் இடம் இருந்தால் வரும்.

இன்னொன்று. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலைக்கு மடிவு, விளிம்பு, கன்னம் என்று மூன்று வந்திருக்கின்றன. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் படகு கட்டும் ஆசாரிகளைத் தெரிந்தவர்கள் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அதுவரை அந்த இடத்தை வெறுமனே விட்டுவைக்கிறேன்.